பதினாறாம் பிரிவின் ஒத்துவாக்கியம்

கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், ஜெயசீலிக்கு வேறு பாடக்குறிப்பு எதுவும் வேண்டாம். கோட்டுக்கு இடப்பக்கம் உலக மனித உரிமைப் பிரகடனம். வலப்பக்கம் இந்திய அரசியல் சாசனம். இடதில் ஏழு என்று எழுதினால் வலதில் பதினான்கு: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். இடதில் நான்கு என்றால் வலதில் இருபத்து மூன்று: மனிதனை மனிதன் அடிமை வேலை வாங்கக் கூடாது. பதினெட்டுக்கு எதிரே இருபத்தைந்து: மனசாட்சிப்படி மதம். தாம்பரத்தில் அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் அரசியல் அறிவியல் மாணவர்கள் இதற்கு ‘மேடத்தோட ஒத்துவாக்கியம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வேதாகமத்தில் ஒரு வசனத்தின் ஓரமாக, இதே பொருள் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள் இல்லையா, அதுபோல. ஞாயிறு பள்ளியில் அந்தப் பொடி எழுத்தைத் தேடித் தேடிப் பழகிய கண் அவளுடையது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினாறுக்கு வரும்போது மட்டும் அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். வயது வந்த ஆணும் பெண்ணும் இனம், நாடு, மதம் என்ற தடை எதுவும் இல்லாமல் மணந்துகொள்ளலாம், இருவரின் முழுச் சம்மதம் இருந்தால் போதும் என்று பிரகடனம் சொல்கிறது. வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். கைத்தூசியைத் தட்டிவிட்டு அவள் பேசாமல் நிற்பாள்.

“மேடம், ஃபில் பண்ணாம விட்டுட்டீங்க” என்று யாராவது ஒருவன் சொல்வான்.

“நான் விடல. சாசனத்துலயே கல்யாணத்துக்குன்னு ஒரு வரி கிடையாது. எழுதினவங்க மறந்துட்டாங்களா?”

வகுப்பு முழிக்கும். அப்புறம்தான் இருபத்தொன்று என்று எழுதுவாள். உயிரும் தனிமனித சுதந்திரமும். உயிரோடு இருக்கும் உரிமைக்குள் யாரோடு வாழ்வது என்று முடிவு செய்யும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் கண்டுபிடித்ததைச் சொல்லும்போது அவள் குரல் தானாகவே கொஞ்சம் இறங்கிவிடும். கடைசி வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த மௌனம் மகள் ஹெப்சி கொடுத்த யோசனை. ஊரப்பாக்கம் வீட்டின் அடுக்களையில் ஜெயசீலி மறுநாள் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த ஹெப்சி பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். “மம்மி, உடனே சொல்லிடாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. அப்பதான் நல்லாருக்கும்.” அப்படிப் பாடம் கேட்டு வளர்ந்த பெண். அம்மா சொன்னதையெல்லாம் அம்மா நம்பித்தான் சொல்கிறாள் என்று நினைத்து வளர்ந்தவள்.

அவள் இப்போது நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“மம்மி, பதினாறுக்கு எதிர்ல நான் ஒரு பேர் எழுதிட்டேன்.”

“என்னடி சொல்ற?”

“சக்தி. என் டீம்ல இருக்கான்னு சொல்லியிருக்கேனே. கானாத்தூர் பக்கம் குப்பம். அவங்க அம்மா காந்தா, நாவலூர்ல ரோட்டோரமா மீன் விக்கிறாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தாள். “சிறப்புத் திருமணச் சட்டத்துல நோட்டீஸ் குடுத்தாச்சு. அவன் ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம், நான் பொட்டு வைக்க வேண்டாம். முப்பது நாள் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்க. அப்புறம் மூணு சாட்சி கையெழுத்துப் போடணும். முதல் கையெழுத்து நீங்கதான் போடணும், மம்மி.”

தனக்குள் எழுந்தது கோபம் என்றுதான் ஜெயசீலி முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தபோது அது வேறாக இருந்தது. ஆலயத்தில் தான் வழக்கமாக உட்காரும் இருக்கையும், அதற்கு முன்வரிசையில் இருந்து மெல்லத் திரும்பும் கழுத்துகளும் தெரிந்தன. மீன்காரி. அந்தச் சொல் மனசுக்குள் எவ்வளவு தயாராக, எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பது அவளுக்கே ஆச்சரியம்தான். ஆச்சரியப்பட்டாள். ஆனால் அதைக் கீழே வைக்கவில்லை.

“சந்தோஷம்மா” என்றாள். “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்.”

அவர்கள் சபை மக்களிடம் இதற்கு ஒரே அர்த்தம்தான். நன்கொடை கேட்டு வருகிறவர், வரன் கொண்டு வருகிறவர், கமிட்டியில் சேரச் சொல்கிறவர் என யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். அதே வீட்டில் பிறந்த ஹெப்சிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வேறு யாருக்கோ சொல்லும் வார்த்தையை அம்மா தன்னிடம் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எழுந்து வந்து அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி முடிந்ததும் ஜெயசீலி பஸ் பிடித்து நாவலூர் போனாள். பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே, நீலத் தார்ப்பாயின் கீழ் ஐஸ் பெட்டியோடு காந்தா உட்கார்ந்திருந்தாள்.

“வாம்மா, இன்னா வோணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது. வஞ்சிரம் இன்னிக்கு வெல ஜாஸ்தி, சொல்லிட்டேன்.”

“நான் ஹெப்சியோட அம்மா.”

காந்தா கையைப் புடவையில் துடைத்தாள். போதாமல் தண்ணீர் விட்டுக் கழுவினாள். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தள்ளி வைத்தாள். “ஐய, மின்னாடியே சொல்லக் கூடாதா சம்பந்தி. கையக் குடுக்கலாம்னா ஒரே கவிச்சி. ஒக்காரு.”

ஜெயசீலி உட்காரவில்லை. “உங்களுக்கு இதுல சம்மதமா? நாங்க வேற மதம். பழக்கவழக்கம் எல்லாமே வேற.”

“மதம் இன்னா பெரிய மதம். வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு நானுந்தான் போய்க்கினு வந்துகினு கீறேன். ஒம் பொண்ணு வூட்டுக்கு வந்துச்சு. நான் போட்டத துன்னுச்சு, தட்டக் கயுவிக் கவுத்துட்டுப் போச்சு. மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல. எனுக்கு அது போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒடம்பு மட்டும் ஒல்லியா கீது. அப்பா செத்தப்ப டைபாய்டு வந்து ரொம்ப கஷ்டப்பட்டுச்சாமே. இப்ப ஒண்ணும் இல்லல்ல?”

“இல்ல. டைபாய்டுதான். சரியாயிடுச்சு” என்றாள் ஜெயசீலி.

காந்தா சங்கரா மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். வண்டலூரில் இறங்கும்போது ஜெயசீலி அந்தப் பையை பஸ் இருக்கைக்கு அடியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

டைபாய்டு என்பது ஜெயசீலி உண்டாக்கிய காய்ச்சல். கணவர் எலியேசர் மாரடைப்பில் போனபோது ஹெப்சி அழவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு படுத்துவிட்டாள். குளிக்க மாட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், தண்ணீர் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துவிடுவாள். ஜெயசீலிதான் ஆட்டோ வைத்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். சில மாதம் மாத்திரை. பிறகு ஒருநாள் அவளாகவே எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுத் தோசை கேட்டாள். வேலைக்கும் திரும்பினாள். வரன் பார்க்கிற வயதில் அந்த டாக்டரின் பெயர் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஜெயசீலி சொல்லி வைத்தாள். “யார் கேட்டாலும் டைபாய்டு. நாளைக்குக் கட்டிக்கப்போறவன் கேட்டாலும் டைபாய்டுதான். சத்தியம் பண்ணு.” கர்த்தர் பெயரால் சத்தியம் செய்யக் கூடாது என்று அவர்களுக்கு வேதமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஹெப்சி செய்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில் போதகர் சாலமோன் யாருடைய கல்யாணத்துக்கோ ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்கு நியாயமான ஆட்சேபணை உள்ளவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம். சிறு வயது முதல் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வரி. யாரும் ஆட்சேபிப்பது இல்லை. ஆட்சேபணை என்ற சொல்லில் ஜெயசீலியின் மனம் நின்றது. அதற்கு எதிரே ஒரு ஒத்துவாக்கியம் இருக்க வேண்டுமே என்று பழகிய கண் தேடத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து சிறப்புத் திருமணச் சட்டத்தை எடுத்துப் படித்தாள். நோட்டீஸ் ஒட்டிய முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். இந்த நோட்டீஸ் முறையே பிரகடனத்தின் பன்னிரண்டாம் பிரிவுக்கு, அந்தரங்கத்துக்கு, விரோதம் என்று அவள் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பெண் பெற்றவர்கள் கையில் நாம் கொடுத்த கத்தி அது என்று சொன்னதும் அவள்தான். ஆனால் மதம் வேறு, சாதி வேறு என்பதெல்லாம் ஆட்சேபணை ஆகாது. சட்டம் அங்கே பிரகடனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உறுதியாக நின்றது. ஆட்சேபணை செல்ல வேண்டுமானால் ஏற்கெனவே மணமாகியிருக்க வேண்டும், வயது குறைவாக இருக்க வேண்டும், விலக்கப்பட்ட உறவாக இருக்க வேண்டும். விரல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. சித்த சுவாதீனம் இன்மையால் செல்லத்தக்க சம்மதம் தர இயலாதவர். விரல் அங்கே நின்றது.

ஜெயசீலிக்குத் தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. பதிலையும் தானே சொல்லிக்கொள்வாள். இது பொய்யா? இல்லை, டாக்டர் பார்த்தது உண்மைதானே. துரோகமா? தாய் தடுக்காமல் வேறு யார் தடுப்பார்கள்? பிள்ளை அறியாமல் பாதாளத்தில் விழப்போகிறாள். உனக்கு அவள் மேல் அன்பு இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் எரிச்சலோடு, இருக்கிறதால்தானே என்றாள்.

பதிவு அலுவலகத்தில் திருமண அதிகாரியாக இருந்தவர் மஹாலட்சுமி என்ற பெண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜெயசீலி எழுதிக் கொண்டுவந்த ஆட்சேபணையைப் படித்தார். பிறகு, “சட்டப்படி நீங்க குடுத்தத உங்களுக்கே ஒரு தடவை வாசிச்சுக் காட்டணும்மா” என்று சொல்லிவிட்டு உரக்க வாசித்தார்.

“என் மகள் ஹெப்சி மனநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றவள். தானாக உண்ணவும் நீராடவும் அறியாத நிலையில் இருந்தவள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று உணர்ந்து சம்மதம் தரும் சுவாதீனம் அவளுக்கு இல்லை. அவளுக்காக முடிவெடுக்கும் பொறுப்பு தாயாகிய எனக்கே உரியது.”

அரசாங்க மின்விசிறியின் கீழே, இன்னொரு பெண்ணின் களைத்த குரலில், தன் வாக்கியங்கள் எவ்வளவு நன்றாக அமைந்திருக்கின்றன என்பதை ஜெயசீலி கவனித்தாள்.

“நீங்கதான எழுதினீங்க?”

“ஆமா.”

“கையெழுத்துப் போடுங்க.”

விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்த அன்று ஹெப்சி அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. அவள் ஏதாவது கேட்டிருந்தால் ஜெயசீலி பதில் வைத்திருந்தாள். விசாரணை நாளில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போனார்கள்.

அறையில் சக்தி ஹெப்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காந்தா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாண விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. ஜெயசீலியைப் பார்த்ததும், “வந்துட்டியா சம்பந்தி” என்று இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி ஆட்சேபணையை வாசித்தார். தானாக உண்ணவும் நீராடவும் என்ற இடத்தில் காந்தாவின் வாய் திறந்தது. மூடவில்லை.

“ஹெப்சி, இது உண்மையாம்மா?”

“எங்க அப்பா இறந்தப்ப அப்படி இருந்தேன். மாத்திரை சாப்பிட்டேன். இப்ப இல்ல.”

“இப்ப வேலைக்குப் போறீங்க?”

“போறேன்.”

“இந்தக் கல்யாணத்துக்கு உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்ல மேடம். நான்தான் முதல்ல கேட்டேன்.”

மஹாலட்சுமி பேனாவை மூடினார். ஜெயசீலியின் பக்கம் திரும்பினார். “அப்பா செத்த துக்கத்துல மருந்து சாப்பிட்டா அவங்களுக்குச் சம்மதம் சொல்லத் தெரியாதுன்னு அர்த்தம் இல்லம்மா. இத நான் தள்ளுபடி பண்ணப் போறேன். நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்கன்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தள்ளுபடிதான் ஆகும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். இருபத்தொன்றாம் பிரிவு தன் மகளைக் கைவிடாது என்பதில் அவளுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்ததில்லை. அவள் நம்பியது அந்த அறையில் இருந்த மற்றவர்களை.

“டைபாய்டுன்னு சொன்ன” என்றான் சக்தி.

மெதுவாகத்தான் சொன்னான். திட்டுகிற குரலும் அல்ல.

ஹெப்சி அவன் பக்கம் திரும்பினாள். “மம்மி அப்படிச் சொல்லச் சொன்னாங்க.”

“நான் உங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எங்கப்பா குடிச்சது, அடிச்சது, எல்லாம்.” அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, மேசைமேல் இருந்த அவள் கைகளுக்குப் போனது. அவை நடுங்குகின்றனவா என்று பார்த்தது. கைகள் நடுங்கவில்லை. அவன் பார்த்ததைப் பார்த்த பிறகுதான் நடுங்கத் தொடங்கின. “இது திரும்ப வருமா?” என்று கேட்டான்.

காந்தா மகனின் சட்டைக் கையைப் பிடித்தாள். “எய்ந்திருடா. எய்ந்திரு மொதல்ல.” பிறகு ஜெயசீலியிடம், “மீன் வாங்க வந்தியே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. பெத்த பொண்ணப் பத்தி இப்படியா நாலு பேர் மின்னாடி சொல்லுவ” என்றாள். குரலில் வசை இல்லை. அருவருப்பு இருந்தது. முகம் சுளித்தவள் அவள்தான்.

சக்தி எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் அவன் நல்லதாக எதையாவது சொல்லியிருக்கக் கூடும். ஹெப்சி அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

“மேடம், நான் நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“அவசரப்படாதீங்கம்மா. சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு.”

“தெரியும் மேடம். அது மட்டும்தான் இருக்கு.”

திரும்பும்போது அம்மாவும் மகளும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். அழுவாள், கத்துவாள், வீட்டைவிட்டுப் போகிறேன் என்பாள் என்று ஜெயசீலி எதிர்பார்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஆறுதல் தயாராக இருந்தது. ஹெப்சி ஓரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பு நின்றாள்.

“மம்மி, உள்ள வரலாமா?”

“இதென்ன கேள்வி? வா.”

வந்தாள். மறுநாள் காலை எந்தச் சுடிதார் போடட்டும் என்று கேட்டாள். ஜெயசீலி பச்சை என்றாள். பச்சை போட்டாள். ஆபீஸுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அந்தப் பையன் இருக்கிற ஆபீஸ் வேண்டாம், வேறு பார்க்கலாம் என்றாள் ஜெயசீலி. சரி மம்மி என்று வேலையை விட்டாள். விளக்கை அணைக்கலாமா, ஜன்னலைத் திறக்கலாமா, தலை வாரட்டுமா. எல்லாம் மரியாதையாக, முகம் கோணாமல். முதல் வாரம் ஜெயசீலிக்கு அது இனித்தது. பிள்ளை அடங்கிவிட்டாள் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னாள். ஊர் வாயில் விழாமல் காரியம் முடிந்துவிட்டது, சபையில் ஒருவருக்கும் தெரியாது. போதகர் முன்பே சொல்லி வைத்திருந்த ஷெர்வின் என்ற பையனின் வரனைத் தாமதிக்காமல் பேசி முடிக்க வேண்டும். நம் ஆட்கள், நல்ல குடும்பம், பையனுக்கு வங்கி வேலை.

ஷெர்வினின் அம்மா கெசியா, போதகர் சாலமோனோடு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தாள். கேசரி, பஜ்ஜி, டீ. ஹெப்சி அம்மா சொன்ன புடவையில் அம்மா சொன்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கெசியாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. போதகர் ஜெபம் செய்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“பாப்பா, ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால உன் வாயால கேட்டுக்கணும். இந்த விவாகத்துக்கு உனக்குப் பூரண சம்மதமா?”

ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு போதகரை.

“மம்மியைக் கேளுங்க ஐயா. எனக்குச் சம்மதம் சொல்ற புத்தி இல்ல.”

கெசியா சிரித்தாள். “வெட்கத்தப் பாருங்க.”

“வெட்கம் இல்ல ஆன்ட்டி. மெண்டல் டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிட்டேன். எதுக்குச் சம்மதிக்கிறேன்னு உணர எனக்குத் தெரியாதுன்னு மம்மி கவர்ன்மெண்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்க. முடிவெடுக்கிற பொறுப்பு அவங்களோடது. மம்மி சரின்னா சரி.”

“அப்படியெல்லாம் இல்ல, அவ சும்மா…” என்று தொடங்கிய ஜெயசீலிக்கு வாக்கியம் முடியவில்லை. அவளுக்கு வாக்கியம் முடியாமல் போனது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கெசியா கேசரித் தட்டைப் பாதியில் வைத்தாள். போதகர், “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்மா” என்று எழுந்தார்.

அவர்கள் போன பிறகு ஜெயசீலி கதவைச் சாத்தித் தாழிட்டாள். திரும்பியபோது ஹெப்சி சாப்பாட்டு மேசையில் காலித் தட்டின் முன்னால் காத்துக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பழிவாங்குறியா?”

“எனக்கு அதுக்கெல்லாம் புத்தி ஏது, மம்மி? சாப்பிடலாமா?”

“சாப்பிடு.”

ஜெயசீலி சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஹெப்சி சாப்பிட்டாள். தட்டு காலியானதும் கையை ஓரத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஜெயசீலி இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் சாப்பிட்டாள். இன்னொன்று. போதும் என்று அவள் வாயிலிருந்து வரட்டும், ஒரே ஒரு தடவை வரட்டும் என்று கரண்டியைப் பிடித்தபடி ஜெயசீலி நின்றாள். மறுபடியும் போட்டாள். ஹெப்சி மென்றாள். கண்ணில் நீர் கோத்தது, தொண்டை அடைத்தது, ஒரு கையால் மேசையைப் பற்றிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள்.

சட்டியில் இன்னும் சோறு இருந்தது.

“போதும்” என்றாள் ஜெயசீலி.

கவளம் தட்டில் இறங்கியது. “சரி மம்மி” என்றாள் ஹெப்சி. கை கழுவச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.